ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் வரவில்லை: விபிஎன் பழுது ஒன்றுக்கான விளக்கங்கள்

இரண்டு அலுவலகங்களின் உள்வலைகளை ரூட்டர் வழி விபிஎன்னால் இணைத்தவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. கிளையில் இருக்கும் கணினி தலைமை அலுவலகத்து சர்வரைப் பிங் செய்தால் பதில் வருகிறது. அங்கிருந்து கிளையைப் பிங் செய்தால் பதிலே இல்லை. ரூட்டரின் திரையோ டனல் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. கோளாறு எங்கே?

விபிஎன் நெறிமுறையான ஐபிசெக்கை வரையறுத்த முதல் ஆர்எஃப்சி ஆவணங்கள் 1995இல் வெளிவந்தன. அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு விடைகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. ரூட்டைப் பார் என்பார் ஒருவர். ஃபயர்வாலைத் திற என்பார் இன்னொருவர். எம்டியூவைக் குறை என்பார் மூன்றாமவர். ஒவ்வொரு விடையும் எங்காவது ஒரு வலையில் சரியாக இருந்திருக்கிறது. அதனால்தான் இன்றும் புழங்குகிறது. எந்த விடை எந்த அறிகுறிக்குப் பொருந்தும் என்பதுதான் அரிதாகவே சொல்லப்படுகிறது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் தாங்கும் என்று இங்கே பார்க்கலாம்.

பிங் வெற்றி எதைக் காட்டுகிறது?

பிங் கருவியை மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். எக்கோ கோரிக்கை ஒன்றை அனுப்பி, அதற்குப் பதில் திரும்புகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. ஆகவே கிளையிலிருந்து செய்த பிங் வெற்றி பெற்றால், பாக்கெட் போயும் விட்டது, வந்தும் விட்டது. டனல் இரு திசையிலும் சுமந்திருக்கிறது. ஒரு திசையில் பாக்கெட்டே நகரவில்லை என்றால், எந்தப் பக்கமிருந்து பிங் செய்தாலும் தோற்க வேண்டும்.

ஆக, ஒரே புகாருக்குள் இரண்டு பழுதுகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று போக்குவரத்துப் பழுது: ஒரு திசையில் போகும் பாக்கெட்டுகள் வழியில் தொலைகின்றன. மற்றது தொடக்கப் பழுது: பாக்கெட்டுகள் இரு திசையிலும் போகின்றன, ஆனால் பேச்சை ஒரு பக்கம் மட்டுமே தொடங்க முடிகிறது. புகார் சொல்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது. அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையோ பெரும்பாலும் முதலாவதற்கானது. இந்தத் துறையில் வீணாகும் நேரத்தின் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் போகிறது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. மேற்சொன்ன தர்க்கம் அதே இரண்டு முகவரிகளுக்கிடையே மட்டுமே செல்லும். கிளைக் கணினி சர்வரைப் பிங் செய்தது, ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து பிங் செய்யப்பட்டது கிளையின் பிரிண்டர் என்றால், இரண்டும் வெவ்வேறு சோதனைகள். பிரிண்டரில் கேட்வே முகவரியை நிரப்பாமல் விட்டிருந்தாலே போதும், பதில் வராது. ரூட்டரிலிருந்தே பிங் செய்வதும் இப்படித்தான் ஏமாற்றும்: மூல முகவரியைக் குறிப்பிடாவிட்டால் பல ரூட்டர்கள் வெளிப்புற முகவரியையோ டனல் முகவரியையோ இட்டு அனுப்புகின்றன. அந்த முகவரி விபிஎன் கொள்கைக்குள் அடங்காததாக இருந்தால், நல்ல நிலையில் உள்ள இணைப்பும் செத்ததாகத் தெரியும்.

ரூட்டைக் குற்றம் சொல்பவர்கள்

மிகப் பழைய விடை இது. 1981இன் ஐபி வரையறைப்படி ஒவ்வொரு பாக்கெட்டும் தனியாள். போன வழியே வர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வெர்ன் பாக்ஸன் 1996இல் வெளியிட்ட அளவீட்டு ஆய்வு இதை எண்களால் காட்டியது. 1995 இறுதியில் அவர் எடுத்த அளவீடுகளில் பாதியில், போகும் வழியும் வரும் வழியும் குறைந்தது ஒரு நகரத்தாலாவது வேறுபட்டன. போக்கும் வரவும் வேறு வேறாக இருப்பது இணையத்தின் இயல்பு என்றானபின், ‘திரும்பும் ரூட் இல்லை’ என்பது இயற்கையான சந்தேகம்.

இந்த விடையின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தலைமை அலுவலகத்து ரூட்டருக்குக் கிளையின் சப்நெட்டை அடையும் ரூட் உண்மையிலேயே இல்லை என்றால், கிளை தொடங்கிய பிங்குக்கான பதிலும் திரும்பியிருக்கக் கூடாது. ரூட் இல்லாமை தனியாக நின்று விளைவிப்பது இருபக்கத் தோல்வியைத்தான். அது ஒருபக்கத் தோல்வியாகத் தெரிந்தால், நடுவில் வேறொன்று அதை மறைக்கிறது என்று பொருள்.

ஓப்பன்விபிஎன்னில் இது தெளிவாகத் தெரியும். சர்வரில் கிளையின் 192.168.20.0/24 வலைக்கு இயங்குதளத்தில் ரூட் எழுதினால் மட்டும் போதாது. ஒரே டனல் இடைமுகத்துக்குப் பின்னால் பல கிளையண்டுகள் இருப்பதால், இந்தச் சப்நெட் எந்தக் கிளையண்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை ‘ஐரூட்’ என்ற தனிக் கட்டளையால் ஓப்பன்விபிஎன்னுக்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கிளைக் கணினியின் சொந்த முகவரியோடு வரும் பாக்கெட்டை அது கீழே போட்டுவிட்டு, லாக்கில் ‘பேட் சோர்ஸ் அட்ரஸ் ஃப்ரம் கிளையண்ட்’ என்று ஒரு வரி எழுதும். இந்த வரியைப் பார்ப்பவர் குறைவு. பார்க்காதவர் செய்வது, கிளை ரூட்டரில் மூல முகவரியை மாற்றும் மாஸ்கரேடு விதி ஒன்றைப் போடுவது. உடனே கிளையிலிருந்து எல்லாம் வேலை செய்யத் தொடங்கும். ஏனெனில் கிளையின் பாக்கெட்டுகள் இப்போது 10.8.0.6 போன்ற டனல் முகவரியோடு போகின்றன. அந்த முகவரி சர்வருக்குத் தெரியும். தலைமை அலுவலகத்தால் மட்டும் கிளையைத் தொட முடியாது. ரூட் இல்லாத குறை அப்படியே இருக்க, அதன் மேல் ஒரு திரை விழுந்துவிட்டது.

முகவரி மாற்றத்தின் பங்கு

நேட் எனப்படும் முகவரி மாற்றம் பற்றிய ஆர்எஃப்சி 1631 வந்தது 1994 மே மாதத்தில். 10, 172.16, 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரித் தொகுதிகளை இன்றைய வடிவில் உறுதி செய்த ஆர்எஃப்சி 1918 வந்தது 1996 பிப்ரவரியில். முகவரித் தட்டுப்பாட்டைத் தள்ளிப்போட வந்த ஏற்பாடு நேட். ஆனால் உள்ளிருந்து தொடங்கும் பேச்சுக்கு இடம் கொடுத்து, வெளியிலிருந்து தொடங்கும் பேச்சை நிராகரிக்கும் குணம் அதன் அமைப்பிலேயே ஊறியது. பிரையன் கார்ப்பென்டர் 2000 பிப்ரவரியிலும் டோனி ஹெய்ன் அதே ஆண்டு நவம்பரிலும் எழுதிய ஆர்எஃப்சிகள் இந்த இழப்பை விரிவாகவே பதிவு செய்தன. ஒருதலைத் தொடர்பு பற்றிய விளக்கங்களில் நேட்டை மையமாக வைப்பவை இந்த மரபிலிருந்து வருகின்றன.

மாஸ்கரேடு குறையை மறைப்பது ஒரு வகை. அதுவே குறையை உண்டாக்குவது இன்னொரு வகை. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ரூட்டர்களில் நேட் விதிகள் ஒரு தொடர்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே சோதிக்கப்படுகின்றன. அதன்பின் வருபவை முதல் பாக்கெட்டுக்கு எடுத்த முடிவையே பின்பற்றும். இப்போது கிளை ரூட்டரில் ஐபிசெக் டனலும், இணையத்துக்கான பொதுவான மாஸ்கரேடு விதியும் இருக்கின்றன. டனல் போக்குவரத்துக்கு விலக்கு எழுதப்படவில்லை என்று கொள்வோம். கிளைக் கணினி சர்வரை நோக்கிப் புதிதாகப் பேச்சைத் தொடங்கினால், மூல முகவரி ரூட்டரின் பொது முகவரியாக மாறிவிடும். ஐபிசெக் கொள்கையோடு ஒப்பிடும் வேலை அதற்குப் பிறகே நடப்பதால், மாறிய முகவரி கொள்கைக்குப் பொருந்தாது. பாக்கெட் குறியாக்கம் இல்லாமலே இணையத்தின் பக்கம் போய்த் தொலையும். ஆனால் சர்வர் பக்கம் தொடங்கிய பேச்சுக்குக் கிளைக் கணினி தரும் பதில் ஏற்கெனவே பதிவான தொடர்பைச் சேர்ந்தது. மாஸ்கரேடு விதி அதைத் தொடாது. பதில் டனலுக்குள் சரியாகப் போகும். ரூட் சரி, டனல் சரி, ஃபயர்வாலும் சரி. ஆனாலும் ஒருபக்கம் மட்டுமே தொடங்க முடியும். மாஸ்கரேடுக்கு மேலே ஒரு விலக்கு விதி எழுதினால் தீரும் பழுது இது. அது தெரியாமல் டனலை அழித்துத் திரும்பக் கட்டினால் எத்தனை முறை கட்டினாலும் தீராது.

இந்த விடையின் பலவீனம், எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் ஆசை. இரு பக்கமும் 192.168.1.0/24 என்ற ஒரே வலையை வைத்திருப்பது நேட் இல்லாமலே தொடர்பை முறிக்கும்; அங்கே கணினி எதிர்ப்பக்க முகவரியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது, பாக்கெட் ரூட்டரையே அடைவதில்லை. அதற்கு நேட் மருந்தாகவே பயன்படுகிறது.

நடுவில் நினைவு வைத்திருப்பவர்

1990களின் நடுப்பகுதியில் செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஃபயர்வால் பரப்பிய ஸ்டேட்ஃபுல் முறை, 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 கர்னலோடு விலை குறைந்த ரூட்டர்களையும் எட்டியது. யார் முதலில் பேசினார் என்பதைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, அதற்கான பதிலை மட்டும் தடையின்றி விடுவது இந்த முறை. தொடக்கப் பழுதுக்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை: தலைமை அலுவலகத்து ரூட்டரில் டனலிலிருந்து உள்வலைக்கு வர அனுமதி இருக்கிறது, கிளை ரூட்டரில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த விளக்கம் சிக்கலாவது, ஒரு வலைக்கு இரண்டு வாசல்கள் இருக்கும்போது. பழைய ஃபயர்வாலே எல்லாக் கணினிகளுக்கும் கேட்வே. விபிஎன் ரூட்டர் அதே உள்வலையில் பக்கத்தில் தனியாக நிற்கிறது. எதிர்ப்பக்கச் சப்நெட்டுக்கு ஃபயர்வாலில் ஒரு ஸ்டாட்டிக் ரூட். சிறு அலுவலகங்களில் பரவலாகக் காணும் அமைப்பு இது. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கோரிக்கையை விபிஎன் ரூட்டர் நேராகச் சர்வரிடம் சேர்க்கிறது. சர்வர் தன் பதிலைக் கேட்வேயிடம் கொடுக்கிறது. ஃபயர்வாலோ அந்தக் கோரிக்கையைக் கண்டதே இல்லை. அழைக்காத பதில் என்று தள்ளிவிடுகிறது. மறுதிசையில் சர்வர் பிங் செய்தால், கோரிக்கை ஃபயர்வால் வழியே போய், பதில் விபிஎன் ரூட்டரிலிருந்து நேராக வந்துவிடும். பிங் வெற்றி. அதே வழியில் டிசிபி தொடர்பைத் திறந்தால், ஃபயர்வால் தொடக்கமான சின் பாக்கெட்டைப் பார்க்கும், அதற்குப் பதிலான சின்-ஆக்கைப் பார்க்காது. கண்டிப்பான ஃபயர்வால் மூன்றாவது பாக்கெட்டில் முறித்துவிடும். பிங் போகிறது, ஃபைல் ஷேர் திறக்கவில்லை என்ற புகாரின் பின்னால் இந்த முக்கோணம் இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே ரூட்டும் ஃபயர்வாலும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்றவை. அதனால் ஒரு கருவியை மட்டும் பார்க்கும் எந்த விளக்கமும் இதைப் பிடிப்பதில்லை.

ஏறக்குறைய இதே குணம் லினக்ஸின் ரிவர்ஸ் பாத் சோதனைக்கும் உண்டு. போலி மூல முகவரிகளைத் தடுக்க 2000 மே மாதத்து பிசிபி 38 ஆவணம் வகுத்த கொள்கையை ஒட்டியது அது. பதில் எந்த இடைமுகம் வழியே போகுமோ அந்த வழியே வராத பாக்கெட்டை அது ஏற்பதில்லை. இரு இணைப்புகள் உள்ள வலைகளுக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது என்பதால் 2004இல் ஆர்எஃப்சி 3704 தளர்வான முறையையும் விவரித்தது.

கடைசிக் கணினியையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 வந்த 2004 ஆகஸ்ட் முதல் விண்டோஸின் ஃபயர்வால் தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. இன்றைய விண்டோஸிலும் பிங்குக்கு விடையளிக்கும் ஃபைல் ஷேரிங் விதி, பிரைவேட் நிலையில், தன் சப்நெட்டிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. டனலின் அந்தப்பக்கம் வேறு சப்நெட். அந்தக் கணினி வெளியே பிங் செய்யும். வெளியிலிருந்து வரும் பிங்குக்கு வாய் திறக்காது. இரு ரூட்டர்களையும் நாள் முழுக்கச் சோதித்தாலும் விடை அங்கே இருக்காது. எதிர்ப்பக்க ரூட்டரின் உள்வலை முகவரி பிங்குக்குப் பதில் தருகிறது, அதன் பின்னால் உள்ள கணினி மட்டும் தரவில்லை என்றால், ரூட்டரை விட்டு இறங்கிக் கணினியைப் பார்ப்பது நல்லது.

டனலுக்குள்ளேயே ஒருதலை

ஐபிசெக்கை ஆராய்பவர்கள் வேறொரு இடத்தைக் காட்டுவார்கள். அதன் செக்யூரிட்டி அசோசியேஷன் இயல்பிலேயே ஒருதிசைப்பட்டது. 2005 டிசம்பரின் ஆர்எஃப்சி 4301 இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு டனல் என்று நாம் பார்ப்பது உண்மையில் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிச் சாவி. சிஸ்கோ ரூட்டரில் அசோசியேஷன் நிலையைக் கேட்டால் உறையிட்ட பாக்கெட்டுகளும் உறை பிரித்த பாக்கெட்டுகளும் தனித்தனி எண்ணிக்கையாக வரும். உறையிட்டவை ஏறிக்கொண்டே இருந்து, பிரித்தவை சுழியத்தில் நின்றால், நாம் அனுப்புகிறோம், எதிரிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரு ரூட்டர்களின் எண்களையும் அருகருகே வைத்தால், பாக்கெட் நடுவழியில் தொலைகிறதா, எதிர்ப்பக்கம் பதிலை டனலுக்குள் இடவே இல்லையா என்று பிரித்துவிடலாம். போக்குவரத்துப் பழுதுக்கு இதைப்போல் விரைவான சான்று வேறில்லை.

தொடக்கப் பழுதும் இங்கே பிறக்கிறது. டனலின் விதிகளை இரு பக்கமும் பேசி முடிவுசெய்ய உதவும் ஐகேஈ நெறிமுறையின் பழைய முதல் பதிப்பில், ஒரு பக்கத்துக் கொள்கை மற்றதன் உட்பகுதியாக இருந்தால், குறுகிய பக்கம் முன்மொழிவதைப் பரந்த பக்கம் ஏற்கலாம். பரந்த பக்கம் முன்மொழிவதைக் குறுகிய பக்கம் மறுத்துவிடும். டனல் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே எழும். இரு பக்கத்துப் பட்டியல்களும் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்க வேண்டும் என்று சிஸ்கோ ஆவணங்கள் வற்புறுத்தியது இதனால்தான். 2005இன் ஐகேஈ இரண்டாம் பதிப்பு, பதிலளிப்பவர் முன்மொழிவைச் சுருக்கி ஏற்கும் வழியைச் சேர்த்து இதன் கடுமையைக் குறைத்தது. இன்னொரு வகை: ஒரு ரூட்டர் மின்தடையால் மறுபடி தொடங்கியபின், எதிர் ரூட்டர் செத்த எண்ணையே நம்பி அனுப்பிக்கொண்டிருக்கும், மீண்டெழுந்த ரூட்டர் தானாகப் பேசத் தொடங்கினால் சரியாகும். 2004இல் ஆர்எஃப்சி 3706 விவரித்த, எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் முறை, இந்த இடைவெளியைச் சுருக்கியது.

வயர்கார்டின் வழி வேறு. ஜேசன் டோனென்ஃபெல்ட் உருவாக்கி, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கர்னலில் சேர்ந்த இந்த விபிஎன்னில், அனுமதித்த முகவரிகளின் ஒரே பட்டியல் அனுப்பும்போது ரூட்டாகவும் பெறும்போது வடிகட்டியாகவும் இயங்குகிறது. கிளையின் சப்நெட்டை அதில் சேர்க்க மறந்தால் இரு திசையும் ஒருசேர நிற்கும். குறையை இருபக்கத் தோல்வியாகவே காட்டுவதால் கண்டுபிடிப்பது எளிது. இதை அதன் பெரிய நற்குணங்களில் ஒன்றாகக் கருதலாம். ஆனால் கிளை நேட்டுக்குப் பின்னால் இருந்து, சிறிது நேரம் பேசாமல் இருந்தால், நேட் பதிவு காலாவதியாகித் தலைமை அலுவலகத்தின் அழைப்பு உள்ளே நுழையாது. 25 விநாடிக்கு ஒருமுறை சிறு பாக்கெட் அனுப்பச் சொல்லும் பரிந்துரை இதற்காகத்தான். இந்தியாவில் பல மொபைல், பிராட்பேண்ட் இணைப்புகள் சேவை நிறுவனமே வைக்கும் கேரியர் நேட்டுக்குப் பின்னால் இருப்பதால், இங்கே இதைத் தவிர்ப்பது கடினம். ரூட்டரின் வெளிப்புற முகவரி 100.64இலிருந்து 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், அந்தப் பக்கத்தை வெளியிலிருந்து அழைக்க முடியாது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

எம்டியூ

இந்த விடைக்கு அளவுக்கு மீறிய புகழ் இருக்கிறது. ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுதான் எம்டியூ; ஈதர்நெட்டின் 1500 பைட்டில் விபிஎன் உறை ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வயர்கார்டு வழக்கமாக 1420 என்று வைப்பது அதனால்தான். பெரிய பாக்கெட் போகாது என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் யாராவது தடுத்தால், அனுப்பியவருக்குத் தெரியாமலே அவை தொலையும்; 2000இல் ஆர்எஃப்சி 2923 இதைப் பதிவு செய்தது. லாகின் திரை வரும், ஃபைல் இறங்காது. மேலேற்றம் ஓடும், பதிவிறக்கம் தொங்கும். சிறிய பிங்கே போகாத இடத்தில் எம்டியூவைத் தேடுவது வீண்.

கருவிகளும் கணிதமும்

நடைமுறையாளர்களின் பொதுவான முறை, பாக்கெட்டை நான்கு இடங்களில் பிடித்துப் பார்ப்பது: இரு ரூட்டர்களின் உள்வலை இடைமுகம், இரு ரூட்டர்களின் டனல் இடைமுகம். கோரிக்கை எந்த இடம் வரை தெரிகிறது, எந்த மூல முகவரியோடு தெரிகிறது, பதில் எங்கே மறைகிறது என்று பார்த்தால் மேற்சொன்ன பழுதுகளில் பெரும்பாலானவை பிரிந்துவிடும். மூல முகவரியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிளையின் 192.168.20.15 வர வேண்டிய இடத்தில் 10.8.0.6 வந்தால், மாஸ்கரேடு அந்த ஒரு வரியிலேயே அகப்பட்டுவிடும். இந்த முறையின் குறை, இரு பக்கத்திலும் அனுமதியும் ஆளும் தேவைப்படுவது.

ஆராய்ச்சியாளர்கள் வேறு பாதையில் போனார்கள். அவிஷை வூல் 2004இல் 37 ஃபயர்வால்களின் விதிகளை ஆராய்ந்து, பிழையான அமைப்பு பரவலாக இருப்பதைக் காட்டினார். 2012இல் கசேமியான், வர்கீஸ், மெக்கியோன் மூவரும் முன்வைத்த ஹெடர் ஸ்பேஸ் பகுப்பாய்வு, பாக்கெட்டே அனுப்பாமல் அமைப்புக் கோப்புகளிலிருந்து யார் யாரை அடையலாம் என்று கணக்கிட்டது. 2015இல் பேட்ஃபிஷ் என்ற கருவி அதே நோக்கத்தை ரூட்டிங் நெறிமுறைகளின் அமைப்புக்கு விரித்தது. ஆனால் ஸ்டேட் வைத்திருக்கும் கருவிகள் வந்தவுடன் கணக்கு கடினமாகிறது, ஏனெனில் ஒரு பாக்கெட்டின் கதி அதற்கு முன் போனவற்றைப் பொறுத்தது. 2017இல் பாண்டாவும் சக ஆய்வாளர்களும் அதற்கும் முறை ஒன்றை முன்வைத்தார்கள். சிறு அலுவலகத்தின் ரூட்டர் பெட்டிக்கு இவை வந்துசேர்ந்ததாகச் சொல்ல முடியாது. கடைசிக் கணினியின் ஃபயர்வால் இவற்றின் பார்வைக்குள் வருவதும் அரிது.

திறந்திருப்பவை

விளக்கங்களை ஒப்பிட்டால், தொடக்கப் பழுதில் ரூட்டைவிட நினைவு வைத்திருக்கும் கருவிகளே, அதாவது நேட், ஃபயர்வால், ஐகேஈ பேச்சுவார்த்தை ஆகியவையே, அதிகம் விளக்குகின்றன. போக்குவரத்துப் பழுதில் ரூட்டும் அசோசியேஷனும் முன்னிற்கின்றன. இந்த முடிவு இரு வலைகள், இரு ரூட்டர்கள் என்ற எளிய அமைப்புக்கு உறுதியாகவே பொருந்தும். கிளவுடில் ஒரு முனை, இரண்டு இணைய இணைப்புகள், தானாக மாறும் டனல்கள் என்று வரும்போது பழுது சில நிமிடம் தோன்றி மறைகிறது. அங்கே இந்த வகைப்பாடு எவ்வளவு தாங்கும் என்பது ஐயத்துக்குரியது.

ஐபிவி6 வந்தால் நேட்டோடு இந்த ஒருதலைத் தொடக்கமும் போய்விடும் என்ற நம்பிக்கை முழுமையாகப் பலிக்கவில்லை. 2011இல் ஆர்எஃப்சி 6092, வீட்டு ரூட்டர்களில் வெளியிலிருந்து தொடங்கும் பேச்சை இயல்பாகத் தடுக்கும் ஏற்பாட்டை விவரித்தது. முகவரி மாற்றம் போனாலும் தொடக்க உரிமை சமமாகவில்லை. அது சமமாக வேண்டுமா என்பதே ஒத்த கருத்து இல்லாத விஷயம். கிளைகளிலிருந்து மையத்துக்கு மட்டுமே பேச்சு தொடங்கலாம் என்று வேண்டுமென்றே அமைப்பவர்களும் உண்டு. அமைப்புக் கோப்பை மட்டும் வைத்து அது பழுதா கொள்கையா என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடிவதில்லை.

இன்னொன்று, தடுத்தவர் தடுத்ததைச் சொல்ல வேண்டுமா என்பது. ‘நிர்வாகத் தடை’ என்று அறிவிக்கும் ஐசிஎம்பி செய்தி 1995இன் ஆர்எஃப்சி 1812இலேயே இருக்கிறது. பெரும்பாலான ஃபயர்வால்கள் அதை அனுப்பாமல் சத்தமின்றித் தள்ளும்படி அமைக்கப்படுகின்றன. வெளியாருக்கு வலையின் உள்ளமைப்பு தெரியக் கூடாது என்பது காரணம். இரு முனையும் ஒரே நிறுவனத்துடையதான டனலுக்குள் அந்தக் காரணம் பெரிதும் வலுவிழக்கிறது. ஆனாலும் டனல் இடைமுகத்துக்கு மட்டும் அந்தச் செய்தியை இயல்பாகவே அனுப்பும்படி ரூட்டர்களை அமைக்கலாமா, அப்படி அமைத்தால் ஒரு கிளை அந்நியர் கைக்குப் போனால் எவ்வளவு வெளிப்படும் என்ற விவாதம் இன்னும் முடிவுக்கு வரவில்லை.